ரெண்டு வெயில்

மேய்கிற மாட்டுக்கு நஞ்செல்லாம் தெரியும், கண்ணுகளா. ஐப்பசி மழைக்குப் பிறகு கொல்லிமலை வேலிகளில் கண்வலிக்கிழங்குக் கொடி நெருப்பு மாதிரி பூத்துக் கிடக்கும். அதன் பக்கம் மாடு வாயைக் கொண்டுபோகாது. எருக்கைத் தாண்டிப் போகும். ஊமத்தையை முகர்ந்துவிட்டு ஒரு மூச்சு விட்டு நகரும். உண்ணிமுள்ளைப் பசி பொறுக்காமல் கடித்தாலும் இரண்டு வாயோடு விட்டுவிடும். ஆனால் நாம் கூடையில் அள்ளிக்கொண்டு வந்து முன்னால் கொட்டுகிறதை மட்டும் அது முகர்ந்து பார்ப்பதில்லை.

குழிப்பாறையில் எட்டு வீடு. அதில் கடைசி வீடு அத்தாயியுடையது. வாசலிலிருந்து இருபது எட்டு இறங்கினால் அந்தப் பாறை. அகலமான, யானை படுத்த மாதிரி முதுகு கொண்ட கரும்பாறை. சாமை காயப்போடுவதும் அதில்தான், மிளகு காயப்போடுவதும் அதில்தான்.

அத்தாயியின் புருஷன் அண்ணாமலை மிளகு பறிப்பதில் கெட்டிக்காரன். மிளகுக்கொடி படர்ந்த நாற்பதடி சில்வர் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி, இடுப்பில் சாக்கைக் கட்டி ஏறினால், சாக்கு நிறைந்துதான் இறங்குவான். போன மாசியில் ஏணி வழுக்கியது. நாமக்கல் ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் கிடந்து வீடு வந்தான். இடுப்புக்குக் கீழே உயிர் இருந்தது, பலம் இல்லை. பிள்ளையில்லாத வீடு. அவன் கட்டிலில் கிடந்து கூரையைப் பார்த்தான். அவள் கூலிக்குப் போனாள்.

அப்படியே ஆறு மாதம் போயிற்று. அவன் பேச்சு குறைந்தது. சோற்றைத் தட்டில் வைத்தால், "எனக்கெதுக்கு இத்தனை?" என்று பாதியை ஒதுக்கினான்.

செம்மேட்டில் சந்தோஷ்குமார் என்று ஒருவர் சிப்ஸ் கடை போட்டிருந்தார். அருவி பார்க்க வருகிற கூட்டத்துக்குக் கண்ணெதிரே சீவி, கண்ணெதிரே பொரித்துக் கொடுக்கிற கடை. உரித்த மரவள்ளிக் கிழங்கு தினமும் வேண்டும், ஆள் கிடைக்கவில்லை என்று கேள்விப்பட்ட அத்தாயி, கூலிக்காட்டிலிருந்து அப்படியே நடந்து போய்க் கேட்டுவிட்டு வந்தாள். மறுநாளிலிருந்து காலையில் வேன் கிழங்கு மூட்டையை இறக்கியது. மறுநாள் வரும்போது தண்ணீர்க் குண்டானில் கிடந்த உரித்த கிழங்கை எடுத்துப் போயிற்று.

அண்ணாமலை வாசலில் சாக்கை விரித்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து உரித்தான். கிழங்கின் நீளத்துக்குக் கத்தியால் ஒரு கீறல். கத்தி நுனியை உள்ளே விட்டு நெம்பினால், மேலே இருக்கிற மண்தோலும் அதற்கடியில் இருக்கிற ரோஸ் நிறத் தடித்த தோலும் சேர்ந்து சட்டை மாதிரி கழன்று வரும். பத்து நாளில் கைக்குப் பழகிவிட்டது. அன்று சாயங்காலம் சோறு வைத்தபோது அவன் ஒதுக்கவில்லை.

"இன்னங் கொஞ்சம் போடு. என் சோத்துக்கு நான் உரிச்சிட்டேன்" என்றான்.

அத்தாயி திரும்பி அடுப்பைப் பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

உரித்த தோல் வீணாகவில்லை. கட்டுத்தரையில் சிட்டு இருந்தாள். செவலைப் பசு, மலைமாட்டு ஜாதி, குட்டையான கொம்பு. எட்டு மாதச் சினை. தை பிறந்தால் கன்று. பால் வந்தால் சொசைட்டிக்கு ஊற்றலாம், அத்தாயி கூலிக்குப் போகாமல் வீட்டோடு இருக்கலாம், அண்ணாமலையைத் தினமும் தூக்கி உட்காரவைத்து எண்ணெய் தேய்க்கலாம் என்று அந்த வீட்டின் நினைப்பெல்லாம் அந்த வயிற்றில்தான் இருந்தது. அடுத்த வீட்டுப் பாப்பாயி போகும்போதும் வரும்போதும் கேட்பாள்:

"என்ன மருமகனே, உங்கூட்டுக்கு வாரது பேரனா பேத்தியா?"

"எதுன்னாலும் பாட்டி நீதான அத்தை. சீம்பால் வேணும்னா இப்பவே தாலாட்டுப் படிச்சு வெய்யி."

மலையில் மரவள்ளித் தோலை மாட்டுக்குப் போட ஒரு கணக்கு உண்டு. பச்சையாகப் போட்டால் மாடு நிற்காது, விழுந்துவிடும். பாறையில் பரப்பி ரெண்டு வெயில் காயவேண்டும். வெயில் என்றால் காலை ஏறி மாலை இறங்குகிற முழு வெயில். அப்புறம் ஒரு கை அள்ளிக் காதோரம் ஆட்டிப் பார்க்க வேண்டும். சலசலவென்று சத்தம் கேட்டால் நஞ்சு போயிற்று என்று அர்த்தம். பிறந்ததிலிருந்து எல்லோரும் பார்க்கிற கணக்கு. அண்ணாமலைக்குத் தெரியாததா?

கார்த்திகைக் கடைசியில் வெள்ளை மூட்டமாக மஞ்சு இறங்கியது. நாலு நாள். எதிர் வீடு தெரியவில்லை. கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் இறங்கிக்கொண்டே இருந்தது. விறகு புகைந்தது. துணி காயவில்லை. நடுப்பகலில் மஞ்சு கொஞ்சம் விலகி, ஒரு மணி நேரம் வெளுத்த வெயில் விழும், மறுபடி மூடிக்கொள்ளும்.

நாலாம் நாள் காலை அத்தாயி தலையில் சாக்கைக் கொங்காடி போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

"ஏனுங்க, நான் காளியண்ணன் காட்டுக்குக் கிழங்கு புடுங்கப் போறேன். நாளைக்கு லாரி வருதாம். இன்னைக்குள்ள முடிக்கோணும்ங்கறாங்க."

"சிட்டுக்கு என்ன போட்ட?"

"சாமைத்தாளு ரெண்டு கத்தை. மத்தியானமா வந்து புல்லறுத்துப் போடுறேன்."

"நேத்தும் இதையேதான் சொன்ன."

"நேத்துப் புல்லுக்குள்ள கால வெச்சா அட்டைங்க. பாருங்க, காலு பூரா ரத்தம். அதுக்கே ஒரு மடிதான் அறுத்தேன்."

"ராத்திரியெல்லாம் கத்துச்சு அத்தாயி. வகுத்துல ஒண்ண வெச்சுக்கிட்டு வெறுந்தாள மென்னுட்டு எப்படி நிக்கும்? பாறைமேலதான் தோல் கெடக்குதே."

"வெயில் எங்கீங்க அடிச்சுது?"

"நேத்து அடிச்சுதே. முந்தாநாளும் அடிச்சுது."

"அது வெயிலா? தூங்கறவன் ஒத்தக் கண்ணத் தொறந்து மூடுனாப்பல."

அண்ணாமலை சிரித்தான். அவளும் சிரித்தாள். கத்தியைக் கல்லில் நாலு தீட்டுத் தீட்டி அவன் கையில் கொடுத்தாள். போகிற வழியில் பாறையில் கிடந்த தோலைப் பார்த்தாள். தூறல் விழுகிற மாதிரி இருந்தது. பரப்பிக் கிடந்ததை அவசரமாகக் கூட்டிக் குவித்து, ஓரத்தில் ஒரு தகரத்தைச் சாய்த்துவிட்டு நடந்தாள். பரப்பி விட்டால் நனையும், குவித்தால் அடியில் புழுங்கும். ரெண்டில் எது நல்லது என்று நின்று யோசிக்க நேரமில்லை. கிழங்குக் காட்டில் ஆள் கூப்பிட்டார்கள்.

பத்து மணி இருக்கும். சிட்டு கத்தத் தொடங்கினாள். பசிக்கிற மாட்டின் கத்தல் வேறு. அடிவயிற்றிலிருந்து வரும், முடிவில் ஒரு இழுப்பு இருக்கும். அண்ணாமலை உரித்துக்கொண்டே, "ஏ, பேசாம இரு. வந்துருவா" என்றான். பதினொரு மணிக்கு மஞ்சு விலகியது. வெளிச்சம் வாசலுக்கு வந்தது. பாறைக்கு மேலே ஈரம் ஆவியாகப் போவது தெரிந்தது. சிட்டு கயிற்றை இழுத்துக்கொண்டு அவனையே பார்த்துக் கத்தினாள்.

அவன் கத்தியைக் கீழே வைத்தான்.

விழுந்த நாளிலிருந்து அவன் தானாக வாசலைத் தாண்டியதில்லை. சாக்கை இடுப்புக்கு அடியில் இழுத்துப் போட்டுக்கொண்டான். கூடையைத் துண்டால் இடுப்பில் கட்டினான். இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, உந்தி, நகர்ந்தான். மறுபடி ஊன்றி, உந்தி. இருபது எட்டுத் தூரம். நடுவில் மூன்று இடத்தில் நிறுத்தி இளைப்பாறினான். உள்ளங்கை கல்லில் கிழிந்தது. பாறையைத் தொட்டபோது அது லேசாகச் சுட்டது. அந்தச் சூடு கையில் பட்டதும் வாய்விட்டே சொன்னான்: "வந்துட்டம்டா."

குப்பலின் மேலிருந்து ஒரு கை அள்ளினான். காதோரம் வைத்து ஆட்டினான். சலசலவென்றது.

மேலே இருந்தது காற்றிலும் அந்த ஒரு மணி வெயிலிலும் சுருண்டு காய்ந்திருந்தது. அடியில் இருந்ததை அவன் பார்க்கவில்லை. எழுந்து நின்று குப்பலைக் கிளறுகிறவன்தான் அடியைப் பார்ப்பான். தரையில் உட்கார்ந்தபடி எட்டிக் கூடைக்குள் சரிக்கிறவனுக்கு மேல்தோல்தான் கண்ணில் படும்.

கூடையை இழுத்துக்கொண்டு கட்டுத்தரைக்கு வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. கொட்டினான். சிட்டு தலையைத் தாழ்த்திக் கறுக்கு கறுக்கென்று தின்றாள். அவன் அவள் வயிற்றுக்கடியில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினான். கிழிந்த உள்ளங்கையை அவள் வயிற்றில் வைத்தான். உள்ளே கன்று ஒரு புரள் புரண்டது.

"உனக்கும் எனக்கும் இனி அவளை எதிர்பாக்க வேண்டாம்டா சாமி" என்றான். பத்து மாதத்தில் அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

தின்று முடிப்பதற்குள் சிட்டுவின் முன்னங்கால் நடுங்கியது.

முதலில் ஈ கடிக்கிறது என்று நினைத்தான். அப்புறம் வாயில் நுரை கண்டது. மூச்சு துருத்தி மாதிரி இழுத்தது. அவன் முழங்கையை ஊன்றி முன்னால் போய், வாய்க்குள் விரலை விட்டு, மென்றதைத் தோண்டித் தோண்டி வெளியே போட்டான். வெளியே வந்தது ஈரத் தோல். நொய்ந்து, பசை மாதிரி. அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபடியே இருந்தான். சிட்டு பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தாள். அவன் மேல் விழாமல் கொஞ்சம் தள்ளி விழுந்தாள்.

"அத்தாயீ!"

மஞ்சு மறுபடி மூடியிருந்தது. மஞ்சுக்குள் சத்தம் போகாது. பஞ்சில் கல்லெறிந்த மாதிரி அங்கேயே விழும். போன் அத்தாயியிடம். அவன் வாசலுக்கு இழுத்து வந்து, கத்தியின் பிடியால் ஈயக் குண்டானை அடித்தான். கிழங்கும் தண்ணீரும் கொட்டிப் போயிற்று. அடித்துக்கொண்டே இருந்தான்.

ரொம்ப நேரம் கழித்துப் பாப்பாயி மஞ்சுக்குள்ளிருந்து வந்தாள்.

"என்ன மருமகனே, சோறு கேட்டுக் குண்டான் அடிக்கிறயா? பொண்டாட்டி ஆக்கி வெக்காமப் போயிட்டாளா?"

அவன் கட்டுத்தரையைக் காட்டினான். பாப்பாயி பார்த்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அந்த வயதில் ஓடினாள்.

அத்தாயி சேறு பூசிய கையோடு வந்தாள். பின்னாலேயே கிழங்கு பிடுங்கியவர்கள். காளியண்ணன் மேட்டுக்கு ஏறிப் போய், டவர் கிடைக்கிற இடத்தில் நின்று, கால்நடை ஊசி போடுகிற முருகானந்தத்துக்குப் போன் பண்ணினான்.

"வெல்லம் எடு! வெல்லத்தக் கரைங்க!"

"கொட்டம் எங்கடி? மாட்டுக்கு மருந்தூத்தற மூங்கில் கொட்டம்!"

"தலையத் தூக்கிப் புடி. மூக்குல ஏறீரப் போகுது."

"கீழ்மூச்சு வாங்குதே, இறங்குமா?"

"நீ ஊத்து. இறங்குறது அது பாடு."

வெல்லத் தண்ணீர் பாதி உள்ளே போயிற்று, பாதி நுரையோடு வெளியே வந்தது. அத்தாயி சிட்டுவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணிமையில் ஒட்டியிருந்த வைக்கோல் தூசியைத் துடைத்தாள். அப்போதுதான் தரையைப் பார்த்தாள். ஈர மண்ணில் பாறையிலிருந்து கட்டுத்தரை வரைக்கும் ஒரு தடம். சாக்கு இழுத்த தடம். இரண்டு பக்கமும் கை ஊன்றிய குழி. தலையைத் திருப்பிச் சுவரோரம் இருந்த அண்ணாமலையைப் பார்த்தாள். அவன் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முருகானந்தத்தின் வண்டி வெளிச்சம் மஞ்சுக்குள் மஞ்சளாகத் தெரிந்து, வந்து சேர வெகுநேரம் பிடித்தது. வளைவுக்கு வளைவு இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தாராம். சட்டை முழுதும் நனைந்திருந்தது. ஒரு வார்த்தை பேசாமல் கழுத்து நரம்பில் ஊசி ஏற்றினார். சிட்டுவின் உதட்டைப் பிதுக்கி ஈறைப் பார்த்தார்.

"ரத்தம் செக்கச் செவேல்னு இருக்குது பாருங்க. காத்தை இழுக்குது, இழுத்த காத்து உடம்புல சேரமாட்டேங்குது. கிழங்குத் தோல்தானுங்களே? தின்னு எத்தனை நேரமாச்சு? யார் போட்டது?"

அண்ணாமலை வாயைத் திறந்தான்.

"நாந்தானுங்க" என்றாள் அத்தாயி. "காட்டுக்குப் போறப்பப் போட்டுட்டுப் போனேன்."

"காலைலயா? காலைல தின்னிருந்தா இந்நேரம் வரைக்கும் இழுத்துக்கிட்டு இருக்காதேம்மா."

"பொழுது நெனப்பில்லீங்க. நாந்தான் போட்டேன்."

முருகானந்தம் மண்ணில் இருந்த தடத்தைப் பார்த்தார். அப்புறம் பெட்டிக்குள் குனிந்து அடுத்த ஊசியைத் தேடினார்.

பாப்பாயிக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. "கண்ணு அவிஞ்சாடி போச்சு உனக்கு? மஞ்சு மூடி நாலு நாளாச்சு, தோல அள்ளிப் போடுவாளா ஒரு பொம்பள? சின்னக் கொழந்தைக்குத் தெரியுமேடி! புருஷன் கெடக்கறது பத்தாதுன்னு..."

"அத்தை" என்றான் அண்ணாமலை.

"நீங்க பேசாம இருங்க" என்றாள் அத்தாயி. அவனைப் பார்க்காமல் சொன்னாள்.

இரண்டாவது ஊசிக்குச் சிட்டு ஒரு முறை காலை உதறினாள். பிழைத்துவிட்டது என்று காளியண்ணன் கத்தினான். அந்த உதறலோடு சரி. முருகானந்தம் மூக்குக்கு முன்னால் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"ஏனுங்க, கன்னையாவது எடுக்க முடியுமுங்களா?" என்று அத்தாயி கேட்டாள். "எட்டு மாசம் முடிஞ்சுதுங்க. புட்டிப்பால் வெச்சாவது நான்..."

அவர் மண்டியிட்டு வயிற்றில் கையை வைத்தார். காதை வைத்தார். கூரையிலிருந்து நீர் சொட்டுவது மட்டும் கேட்டது.

"இல்லீங்கம்மா" என்றார். "அதும் இல்லீங்க."

பலாமரத்துக்கு அடியில் குழி வெட்டினார்கள். ஆழமாக வெட்டுங்கள், யாரும் கறி கேட்டு வந்தால் விடாதீர்கள் என்று முருகானந்தம் இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனார். ஆறு பேர் சேர்ந்து இழுத்தார்கள். கழுத்தில் புதுக் கயிறு. பேளுக்குறிச்சிச் சந்தையில் போன மாதம் வாங்கியது. காளியண்ணன் அதை அவிழ்த்து நீட்டினான்.

"கயித்த எடுத்து வெய்யி அக்கா. புதுசு. அடுத்த மாட்டுக்கு ஆகும்."

அத்தாயி வாங்கிக் குழிக்குள் போட்டாள். வீட்டுக்குப் போய், கட்டுத்தரை முளையில் தொங்கின பழைய கயிற்றையும், துணி காயப்போடுகிற கொடியையும் அவிழ்த்துக்கொண்டு வந்து அதையும் போட்டாள். துக்கத்தில் என்னென்னவோ பண்ணுகிறாள் என்று நினைத்து மற்றவர்கள் மண்ணைத் தள்ளினார்கள்.

எல்லோரும் போனபிறகு, பொழுது இறங்குவதற்கு முன்னால், அவள் வெந்நீர் வைத்து அவன் கையைக் கழுவினாள். கிழிந்த இடத்தில் தேங்காயெண்ணெய் வைத்தாள்.

"ஆட்டிப் பாத்தேன் அத்தாயி. காதுல வெச்சு ஆட்டிப் பாத்தேன். சலசலன்னுச்சு."

"மேல இருந்தது சத்தம் போட்டிருக்கும். அடியில நாந்தான் குமிச்சுட்டுப் போனேன். பரப்பி விட்டிருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"அதுக்கு நீ பழியெடுத்துக்குவயா?"

"வேற என்ன பண்ணச் சொல்றீங்க? அவ்வளவு பேருக்கு முன்னால?"

அவன் கையை இழுத்துக்கொண்டான்.

"மாட்டைக் கொன்னவன்னுகூட என்னை யாரும் சொல்லக்கூடாதா? அதுக்குக்கூட நான் ஆகமாட்டேனா?"

அத்தாயி எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். சோறு அப்படியே இருந்தது. ஒதுக்கவும் இல்லை.

மறுநாள் விடியும்போதே வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. ஒரு துண்டு மஞ்சு இல்லை. சூரியன் மலைக்கு மேலே வந்ததும் ஊர் முழுக்க வெளிச்சம். எதிர்ச் சரிவில் சில்வர் மரங்கள் ஒவ்வொன்றாக எண்ணுகிற மாதிரி நின்றன.

அத்தாயி அவனைத் தூக்கி வாசலில் உட்காரவைத்தாள். சாக்கு இருந்தது. குண்டான் நெளிந்து கிடந்தது.

"வேன் வந்துருமே. கத்திய எங்க வெச்ச?"

"இருக்குதுங்க."

"எங்க?"

"இன்னைக்கு வேணாமுங்க. கடைக்காரர்கிட்டக் காளியண்ணன் போன்ல சொல்லீட்டாப்ல. கொஞ்ச நாளைக்கு வேற எங்காச்சும் பாத்துக்கச் சொல்லி."

"யார் சொல்லச் சொன்னது?"

அவளுடைய வலது கை இடுப்பில், சேலை மடிப்புக்கு மேலே இருந்தது. மடிப்புக்குள் கத்தியின் பிடி புடைத்துத் தெரிந்தது. அவன் அதைப் பார்த்தான். அப்புறம் துணிக்கொடி இருந்த இடத்தைப் பார்த்தான். கட்டுத்தரை முளையைப் பார்த்தான். ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தான்.

"நான் அப்படிப்பட்ட ஆளில்ல அத்தாயி."

"தெரியுமுங்க."

தெரியும் என்று சொன்னாள், கையை எடுக்கவில்லை. ரோட்டில் லாரி ஹாரன் அடித்தது. காளியண்ணன் காட்டில் பாதிக் கிழங்கு இன்னும் மண்ணுக்குள் இருந்தது. அவள் போகத்தான் வேண்டும். பாப்பாயி வீட்டுப் பக்கம் பார்த்து, "அத்தை, செத்த நேரத்துக்கு ஒருக்கா எட்டிப் பாத்துக்க" என்று சத்தம் கொடுத்தாள். பாப்பாயி பதில் சொல்லவில்லை. ஆனால் கதவைத் திறந்துவைத்தாள்.

நாலு எட்டு நடந்திருப்பாள்.

"அத்தாயி."

நின்றாள்.

"வெயில் நல்லா அடிக்குது. போற வழியில அந்தத் தோலப் பரப்பி விட்டுட்டுப் போ."

அவள் அவனைப் பார்த்தாள். அவன் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. பாறைக்குப் போய்த் தகரத்தைத் தள்ளினாள். மிச்சம் கிடந்த குப்பலைக் கையால் இழுத்துக் கலைத்தாள். அடியிலிருந்த ஈரத் தோலையெல்லாம் மேலே கொண்டுவந்து, ஒன்றின் மேல் ஒன்று படாமல், பாறை முழுக்கப் பரப்பினாள். லாரி மறுபடி கூப்பிட்டது. அவள் முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

அவள் போனபிறகு அண்ணாமலை அங்கேயே இருந்தான். வெறுங்கை மடியில் கிடந்தது. பகல் ஏற ஏறத் தோல் சுருண்டு, பாறையில் லேசாகச் சத்தம் போட்டது. காகம் கூட வரவில்லை. சூரியன் தலைக்கு மேலே போய், சில்வர் மரங்களைத் தாண்டி, பலாமரத்துக்குப் பின்னால் இறங்குகிற வரைக்கும் அவன் பார்வையை எடுக்கவில்லை.

இறங்கியதும் சொன்னான், யாருக்கும் கேட்காமல்:

"ஒண்ணு."